மலைக்குத் திரும்ப எந்தப் படிப்பு?

கேள்வி: மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவராக இருக்கிறேன். பொதுச் சுகாதாரம் படித்துவிட்டு இங்கேயே திரும்ப ஆசை. எம்.டி.யா, எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுகலைப் படிப்பா? ஆய்வை எப்படித் தொடங்குவது?

பதில்: மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தும் எண்ணமிருந்தால் நீட் பி.ஜி. நுழைவுத்தேர்வு எழுதி 3 ஆண்டு எம்.டி. சமுதாய மருத்துவம் படியுங்கள். களத்துக்குத்தான் திரும்புவீர்கள் என்றால் 2 ஆண்டு எம்.பி.எச். போதும், சென்னை தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்திலேயே இருக்கிறது.

ஆய்வில் பலர் சறுக்குவது, வெளிநோயாளிப் பதிவேட்டை வைத்தே கணக்குப் போடுவதில். அதில் இருப்பவர்கள் எப்படியோ வந்து சேர்ந்தவர்கள். உங்களுக்கு வேண்டியது வராதவர்கள். ஆகவே குடியிருப்புவாரி மக்கள்தொகைப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். தடுப்பூசி ஆய்வென்றால் 30 குடியிருப்புகள், ஒவ்வொன்றிலும் 12–23 மாதக் குழந்தைகள் 7 பேர், மொத்தம் 210. கிடைக்கும் தடுப்பூசி விகிதம் 10 சதவீதப் புள்ளி முன்பின் இருக்கலாம். குடியிருப்புகளை மக்கள்தொகை விகிதப்படி, அதாவது பெரிய ஊருக்கு அதிக வாய்ப்பு இருக்கும்படி, குலுக்கி எடுங்கள். ஜீப் போகும் ஊராகப் பார்த்து எடுத்தால் முடிவு அழகாக வரும், அவ்வளவுதான்.

சுகாதார நிலையம் எவ்வளவு தூரம் என்று கிலோமீட்டரில் கேட்காதீர்கள். மலையில் 20,000 பேருக்கு ஒரு நிலையம் என்ற விதி காகிதத்தில் சரியாகவே இருக்கும். நடந்த நேரம், பேருந்துக்குக் காத்த நேரம், அன்று இழந்த கூலி மூன்றையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.