பட்டறை பதில்கள்: அசையாத நட்டும் ஆறடிக் குழாயும்

கேள்வி: ஐயா, தாத்தா வாங்கிய அம்பாசிடர் எங்கள் தென்னந்தோப்புக் கொட்டகையில் பல வருடங்களாக நிற்கிறது. பக்கத்திலேயே வாய்க்கால். பின் அச்சைக் கழற்றிச் சீர்செய்ய இறங்கினேன். ஒரு நட்டுகூட அசையவில்லை. 17 எம்.எம். ஸ்பேனர் நுழைய மறுக்கிறது, 18 போட்டால் வழுக்கி முனை மழுங்குகிறது. ஸ்பேனரில் ஆறடிக் குழாயைச் செருகித் திருகலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
வாசகர், சோழவந்தான்

பதில்: குழாயை நண்பரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், தம்பி. அந்த நீளத்தில் நட்டு கழலாது, போல்ட்தான் முறியும். முறிந்ததை எடுக்க என்னைப் போன்ற ஒருவனுக்குக் கூலி கொடுக்க வேண்டியிருக்கும்.

முதலில் ஸ்பேனரைக் கீழே வையுங்கள். அம்பாசிடர் என்பது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழி வந்த வண்டி. அதன் நட்டு, போல்ட் எல்லாம் அங்குலக் கணக்கு. 7/16 அங்குல போல்ட்டின் நட்டு 11/16 அங்குல அகலம், அதாவது 17.46 மி.மீ. உங்கள் 17 நுழையாததற்கும் 18 வழுக்குவதற்கும் காரணம் இதுதான். 3/4 அங்குல நட்டு மட்டும் 19.05 மி.மீ. வருவதால் 19 ஸ்பேனர் ஒத்துப்போகும். அதை நம்பித்தான் பலரும் மற்ற நட்டுகளைப் பாழாக்குகிறார்கள். அங்குல அளவில் ஆறு பட்டை பாக்ஸ் ஸ்பேனர் வாங்குங்கள். பன்னிரண்டு பட்டை வேண்டாம், அது முனையை மட்டுமே பிடிக்கும்.

அடுத்தது, எதைக் காப்பாற்றுவது, எதைப் பலி கொடுப்பது என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா நட்டையும் ஒரே மரியாதையோடு நடத்துவதில்தான் புதியவர்களின் நாள் வீணாகிறது. பட்டை ஸ்பிரிங்கை அச்சோடு கட்டியிருக்கும் யு போல்ட்களை எப்படியும் மறுபடி போடக்கூடாது. இழுபட்டு நீண்ட உலோகம் அது. கிரைண்டரால் நட்டை அறுத்து வீசிவிடுங்கள், ஸ்பிரிங் பட்டையில் மட்டும் வெட்டு விழக்கூடாது. ஸ்பிரிங் பட்டறைகளில் புது யு போல்ட் வளைத்துத் தருவார்கள். பிரேக் குழாயையும் மாற்றத்தான் போகிறீர்கள். எனவே அதை நட்டுக்கு அருகில் வெட்டிவிட்டு, நட்டின் மேல் பாக்ஸ் ஸ்பேனரை இறக்கலாம்.

காப்பாற்ற வேண்டியவை, இரு பின்சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலை ஹவுசிங்கோடு, அதாவது அச்சின் கூட்டோடு, பிடித்திருக்கும் ஸ்டட்கள் என்ற தலையில்லாத போல்ட்கள். உங்கள் பொறுமை முழுவதையும் இங்கே செலவழியுங்கள். வெளியே தெரியும் மரையை முதலில் கம்பி பிரஷ்ஷால் பளிச்சென்று தேயுங்கள். பலர் இதைச் செய்வதே இல்லை. அந்த அழுக்கு மரையின் மேல் நட்டை ஓட்டினால் பாதி வழியில் மறுபடி இறுகும். பிறகு ஊறவைக்கும் எண்ணெய். ஆட்டோமேட்டிக் கியர்பெட்டிக்குப் போடும் ஏ.டி.எஃப். எண்ணெயும் அசிட்டோனும் சரிபாதி கலந்தால் நன்றாக இறங்கும். இரண்டும் பிரிந்து நிற்கும், ஒவ்வொரு முறையும் குலுக்கித்தான் விட வேண்டும். காலையில் சில சொட்டு, மாலையில் சில சொட்டு, ஒவ்வொரு தடவையும் சுத்தியலால் நட்டின் பக்கவாட்டில் நாலு தட்டு. எதிர்ப்பக்கம் இன்னொரு கனமான சுத்தியலை முட்டுக்கொடுத்தால் அதிர்ச்சி மரைக்குள் போகும். நட்டின் அடியில் எண்ணெய் செங்காவி நிறத்தில் கசிந்தால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

திருகும்போது எடுத்த எடுப்பில் கழற்றும் பக்கம் போகாதீர்கள். இறுக்கும் பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றும் பக்கம். 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் துரு உடைந்தது. சத்தமே இல்லாமல் மெத்தென்று சுற்றி வந்தால் ஸ்டட் முறுக்கிக்கொண்டிருக்கிறது. அந்த நொடியே கையை எடுங்கள். அசைந்துவிட்டால் கால் சுற்று கழற்றி, அரைக்கால் சுற்று திருப்பி, எண்ணெய் விட்டு, மறுபடி.

இதற்கும் மசியாதது நெருப்புக்கு மசியும். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டுவதை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். பட்டாவை மட்டும் காய்ச்சுவார்கள், மரம் குளிர்ந்தே இருக்கும். அதே கணக்கில் நட்டை மட்டும் கேஸ் டார்ச்சால் சுடுங்கள், ஸ்டட்டை அல்ல. அரை அங்குல இரும்பு 400 டிகிரி ஏறினால் விரிவது 0.06 மி.மீ.தான், ஒரு தாளின் கனம்கூட இல்லை. ஆனால் துருவின் பிடி விடுவதற்கு அது போதும். சூடு சற்றே தணிந்ததும் மெழுகுவர்த்தியை மரையில் தொட்டால் மெழுகு உருகி உள்ளே ஓடும். அசிட்டோன் ஊற்றிய இடத்தில் மட்டும் நெருப்பைக் காட்டிவிடாதீர்கள். நன்றாகத் துடைத்து, முற்றிலும் உலர்ந்த பிறகுதான் டார்ச். பெட்ரோல் டாங்க், பிரேக் ஹோஸ் பக்கமும் கூடாது. ஹவுசிங்கில் இருக்கும் எண்ணெயை வடித்துவிடுங்கள். பட்டை ஸ்பிரிங்கைச் சுடவே கூடாது, சுட்டால் அதன் விறைப்பு போய்விடும்.

வண்டியைச் செங்கல் மேல் நிறுத்தி அடியில் படுக்கிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஜாக்கியை மட்டும் நம்பியும் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வாங்குங்கள்.

கேள்வி: பட்டை ஸ்பிரிங்கின் கண்ணில், அதாவது அதன் முனை வளையத்தில், இருக்கும் போல்ட் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை. கையை விட்டால் பழைய இடத்துக்கே திரும்புகிறது.
வாசகர், உசிலம்பட்டி

பதில்: போல்ட் இறுகியிருப்பது நட்டில் இல்லை. ரப்பர் புஷ்ஷுக்குள் ஓர் இரும்புக் குழல் இருக்கிறதே, அதோடு துருவால் ஒட்டிவிட்டது. நீங்கள் திருகுவது ரப்பரைத்தான். ஸ்பிரிங் கண்ணுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே ரம்பப் பிளேடை விட்டு இரு பக்கமும் அறுங்கள். போல்ட்டும் புஷ்ஷும் புதிது போடுங்கள்.

கேள்வி: கோலாவில் ஊறவைத்தால் துரு போகுமாமே?
வாசகர், திருமங்கலம்

பதில்: அதில் பாஸ்பாரிக் அமிலம் கொஞ்சம் உண்டு. மேல் துரு சற்றுக் கரையும். இறுகிய மரைக்குள் அது போவதற்குள் நீங்கள் அதைக் குடித்துவிடலாம்.

கேள்வி: திரும்ப மாட்டும்போது கிரீஸ் தடவலாமா?
வாசகர், மேலூர்

பதில்: செப்பு கலந்த கிரீஸ் மெல்லிசாகத் தடவலாம், அடுத்த தலைமுறை உங்களை வாழ்த்தும். ஆனால் உராய்வு குறைவதால் அதே பலத்தில் இறுக்கினால் போல்ட் கூடுதலாக இழுபடும், கொஞ்சம் குறைத்தே இறுக்குங்கள். பிரேக் லைனிங்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. யு போல்ட் நட்டுகளைச் சில நாள் ஓட்டியபின் மறுபடி இறுக்கிப் பாருங்கள், நிச்சயம் சற்றுத் தளர்ந்திருக்கும்.