செய்யுள் உறுப்புகளை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

பத்தாம் வகுப்புப் படிக்கும் உங்கள் மகளுக்கு அசை, சீர், எதுகை, மோனை யாவும் குழம்புவதாகவும், எங்கிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். காட்பாடிப் பக்கத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றும் நான் எப்போதும் குறில், நெடிலிலிருந்தே தொடங்குகிறேன். அந்த ஓசை வேறுபாடு காதில் பதியாமல், தேமா, புளிமா முதலிய சீர்ப்பெயர்களான வாய்பாட்டை உருப்போடுவதில் பயனில்லை.

எழுத்துகளால் அமையும் ஓசைத்துண்டு அசை, அசைகளால் அமைவது சீர். குறிலோ நெடிலோ தனித்து வந்தாலும் ஒற்றடுத்து (மெய்யெழுத்து அடுத்து) வந்தாலும் நேரசை. இரு குறில் இணைந்தோ, குறிலை அடுத்து நெடில் இணைந்தோ வந்தால், ஒற்றடுத்தாலும் இல்லாவிட்டாலும், நிரையசை. இதைச் சொன்னவுடன் நான் பழைய வட ஆற்காடு மாவட்டத்து ஊர்ப்பெயர்களைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். வே/லூர் என்பது நேர் நேர், ஆகவே தேமா. கல/வை என்பது நிரை நேர், புளிமா. திரு/வலம் என்பது நிரை நிரை, கருவிளம். ஆ/ரணி என்பது நேர் நிரை, கூவிளம். ஈரசைச் சீர் நான்கும் நம் பேருந்துப் பலகைகளிலேயே இருக்கின்றன! குடியாத்தம் மூவசைச் சீர். அதை உங்கள் மகளே பிரித்துப் பார்க்கட்டும்.

எதுகைக்கும் இதே அறிவுதான் வேண்டும். இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது எதுகை என்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். முதலெழுத்தும் அளவில் ஒத்திருக்க வேண்டும். வேலூர், பாலாறு இரண்டிலும் முதலெழுத்து நெடில், இரண்டாமெழுத்து லகர வருக்கம். எனவே எதுகை அமைகிறது. கலவையிலும் இரண்டாமெழுத்து லகரமே, ஆயினும் முதலெழுத்து குறில் என்பதால் அது வேலூருக்கு எதுகையாகாது.

செய்யுளில் வரும் அணிகளான உவமையும் உருவகமும் எளியவை. 'மலர் போன்ற முகம்' உவமை. முகத்தையே மலராக்கி 'முகமலர்' என்றால் உருவகம்.

பிறகு முதற்குறளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அகர முதல எழுத்தெல்லாம் ஆதி
பகவன் முதற்றே உலகு.

அகர, பகவன் என்பன அடிகளின் முதற்சீர்களில் அமைந்த அடியெதுகை. முதலெழுத்து ஒன்றி வருவது மோனை. அகரமும் ஆகாரமும் ஓரினமாதலால் அகர, ஆதி என்பன மோனை. முதற்சீரிலும் நான்காம் சீரிலும் அமைவதால் அது ஒரூஉ மோனை. தேமா, புளிமா என்னும் மாச்சீரை அடுத்து நிரையும், காய்ச்சீரான (நேரசையில் முடியும் மூவசைச் சீரான) 'எழுத்தெல்லாம்' என்பதை அடுத்து நேரும் வருவதை அவள் விரல்வைத்துச் சரிபார்க்கட்டும். வெண்பாவில் சீர்கள் இணையும் முறையான வெண்டளை என்பது அதுவே. ஈற்றுச்சீரான 'உலகு' மட்டும் 'பிறப்பு' என்னும் வாய்பாடு பெறும். அங்கே புளிமா என்றெழுதி மதிப்பெண் இழப்பவர்கள் என் வகுப்பில் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.