இரண்டாவது பெல்ட் எதற்கு?

கேள்வி: ஒரு சாம்பியன் போதாதா? டபிள்யூ.டபிள்யூ.இ மல்யுத்தத்தில் இன்டர்கான்டினென்டல் சாம்பியன் பெல்ட் என்று இன்னொன்று எதற்கு?
– வாசகர், விருதுநகர்

பதில்: முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்ட ஆட்டம் அது. அங்கே பெல்ட் என்பது கதையை நகர்த்தும் சாக்கு. பெரிய பெல்ட், ஹல்க் ஹோகன் மாதிரி கூட்டம் சேர்ப்பவரிடம் போய்விடும். நன்றாக ஆடத் தெரிந்தவர்களுக்கு அடுத்த பெல்ட்.

அவர்களின் பெரிய நிகழ்ச்சியான ரெஸ்ல்மேனியாவையே, 1987-இல் நடந்ததைப் பாருங்கள். ஹோகன் அவ்வளவு பெரிய ஆந்த்ரேயைத் தூக்கிப் போட்டார், சரி. ஆட்டம் என்று பார்த்தால் அன்று இந்த இரண்டாவது பெல்ட்டுக்காக ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் மோதியதுதான் உசத்தி. சாவேஜ் ஒவ்வொரு அசைவையும் முன்கூட்டியே எழுதிவைத்து ஒத்திகை பார்ப்பவர். அன்று மேடை மணியைத் தூக்கிக்கொண்டு அடிக்க வந்தார். ஸ்டீம்போட்டின் பக்கம் நின்ற ஜார்ஜ் ஸ்டீல் அவரைத் தள்ளிவிட்டார். அடுத்த நொடி ஸ்டீம்போட் சட்டென்று சுருட்டிப் பிடிக்க, தோள் தரையில் பட்டபடி சாவேஜ் கிடக்க, நடுவர் மூன்று எண்ணிவிட்டார். பெல்ட் ஸ்டீம்போட்டுக்கு.

அடுத்து ஹாங்கி டாங்க் மேன். தகிடுதத்தம் செய்தே 454 நாள் பெல்ட்டைக் காப்பாற்றினார். ரசிகர்களுக்கு அவரைக் கண்டாலே எரிச்சல். 1988-இல் சம்மர்ஸ்லாம் என்ற இன்னொரு பெரிய நிகழ்ச்சியில் அல்டிமேட் வாரியர் ஓடிவந்து அரை நிமிடத்தில் கதையை முடித்தார். அத்தனை நாள் வயிற்றெரிச்சல் இருந்ததால்தான் அப்படி ஒரு ஆரவாரம்!

1992-இல் லண்டன் வெம்ப்ளியில் நடந்த சம்மர்ஸ்லாமில், முக்கிய ஆட்டம் வரும் கடைசி இடமே இந்தப் பெல்ட்டுக்குத்தான். பிரிட்டிஷ் புல்டாக் தன் மைத்துனர் பிரெட் ஹார்ட்டை வென்றார். பெரிய பெல்ட்டுக்கான உலக சாம்பியன் ஆட்டம் அதற்கு முன்பே முடிந்திருந்தது.