மறு: மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர், ஆனால் பதினைந்து ஆண்டு கணக்கு வரவில்லை

வணக்கம். உங்கள் தாத்தா 1971, 1977, 1980 ஆகிய மூன்று பொதுத்தேர்தல்களிலும் வென்றார் என்றும், நினைவு மலரில் "பதினைந்து ஆண்டுகள்" என்று அச்சிடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அப்படி அச்சிட வேண்டாம்.

தமிழகத்தில் அந்த மூன்று பேரவைகளில் ஒன்றுகூட முழு ஐந்தாண்டு நீடிக்கவில்லை. 1971 மார்ச்சில் அமைந்த பேரவை, நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஜனவரி 31 அன்று ஆட்சி கலைக்கப்பட்டபோது முடிந்தது. அடுத்த தேர்தல் 1977 ஜூனில்தான் நடந்தது என்பதால், இடைப்பட்ட ஓராண்டுக்கும் மேற்பட்ட காலத்தில் அவர் முன்னாள் உறுப்பினர் மட்டுமே. 1977 பேரவைக்கு இன்னும் குறுகிய ஆயுள்: 1980 பிப்ரவரி 17 அன்று எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. மூன்றாவது பேரவையும், 1984 டிசம்பரில் மக்களவைத் தேர்தலோடு சேர்த்தே சட்டமன்றத் தேர்தலும் நடந்ததால், சில மாதங்கள் முன்னதாகவே முடிந்தது. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுகள் வரும்.

பதவி பாதியில் போனதை வீட்டார் குறையாக நினைக்கக்கூடும். அது அவருடைய தோல்வி அன்று. இருமுறை பேரவை கலைந்த பின்னும் மக்கள் அவரையே மீண்டும் அனுப்பினார்கள் என்பதை மலரில் தெளிவாக எழுதுங்கள்.

தேர்தல் ஆணையத்தின் அந்தந்த ஆண்டு அறிக்கையில் தொகுதிவாரியாக வேட்பாளர் பெயரும் வாக்கும் இருக்கும். 1977 தேர்தலுக்கு முன் தொகுதி எல்லைகள் திருத்தப்பட்டன. ஆகவே 1971இல் இருந்த தொகுதிப் பெயரை அப்படியே தேடாதீர்கள். தலைப்பெழுத்தையும் ஒப்பிடுங்கள், அதே பெயரில் வேறொருவர் இருக்கலாம்.