சீசியம் வில்லையைக் காணவில்லை: ‘உடைந்தது’ என்று எழுதலாமா?

கேள்வி: தனியார் கல்லூரி ஒன்றில் இயற்பியல் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். கெய்கர் கவுண்டர் (கதிர்வீச்சை அளக்கும் கருவி) சோதனைக்கான சீசியம்-137 வில்லை கையிருப்புச் சரிபார்ப்பில் இல்லை. கதிரியக்கப் பொருள் அடங்கிய சிறு வட்டு அது; வலு 5 மைக்ரோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு). போன மாதம் பழைய அலமாரிகளை ஏலம் விட்டோம். ‘உடைந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போடு’ என்கிறார் துறைத் தலைவர். என் உடம்புக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: உடம்பைப் பற்றிக் கலங்காதீர்கள். இந்த அளவு சீசியத்திலிருந்து ஓரடி தள்ளி நின்றால், இயற்கையில் எங்கும் இருக்கிற கதிர்வீச்சை ஒட்டிய அளவுதான் மேலே படும். ஆபத்து அந்தக் கையெழுத்தில் இருக்கிறது. இந்த வில்லை போன்ற கதிர்வீசும் பொருள் தொலைந்தால் 24 மணி நேரத்துக்குள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு நிறுவனம் தெரிவிக்க வேண்டும் என்பது 2004ஆம் ஆண்டு விதி. கல்லூரி முதல்வருக்கு இன்றே எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு ஒப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து, தேடுங்கள். அதற்குமுன் அறையைப் பெருக்க விடாதீர்கள், குப்பை வெளியே போகக் கூடாது. வில்லை வலுவற்றது என்பதால் கவுண்டரை வாசலில் வைத்துவிட்டுக் காத்திருந்தால் ஒன்றும் காட்டாது. இழுப்பறை, தொட்டி, குப்பைப்பை என்று ஒரு சாண் தூரத்துக்குள் மெல்ல நகர்த்துங்கள். மூடிய ஈயப் பெட்டிகளைத் திறந்தே பாருங்கள். ஈயத்துக்குள் கிடந்தால் கவுண்டர் வாய் திறக்காது.

இந்தச் சமயத்தில் ‘அப்புறப்படுத்திய சான்றிதழ்’ வாங்கித் தருகிறேன் என்று தரகர் ஒருவர் வந்து நிற்பார். வாசலோடு அனுப்புங்கள். கையில் இல்லாத பொருளை அப்புறப்படுத்தியதாகக் காகிதம் தருபவர் நாளை உங்களுக்காகச் சாட்சி சொல்ல வரமாட்டார். ஒரு பீக்கர் குறைந்தால் மூன்று நினைவூட்டல் அனுப்புகிற நிர்வாகங்கள் இதை மட்டும் ஒரு வரியில் தள்ளுபடி செய்யத் துடிப்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஏலத்தைப் பற்றிச் சொன்னீர்கள். டெல்லிப் பல்கலைக்கழகம் 1968இல் வாங்கி, 1985க்குப் பிறகு தொடாமல் வைத்திருந்த, கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் கொண்ட கருவியை 2010 பிப்ரவரியில் இப்படித்தான் ஏலம் விட்டது. டெல்லியின் மாயாபுரி காயலான் கடைகளில் அதைப் பிரித்தார்கள். ஒருவர் இறந்தார், பலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதன் வலு உங்கள் வில்லையைவிடப் பல லட்சம் மடங்கு. ஆனால் வெளியே போன வழி ஒன்றுதான். அலமாரி எந்தக் கடைக்குப் போனது என்பதைக் கடிதத்தில் எழுதுங்கள்.

‘பழசுதானே, வீரியம் போயிருக்கும்’ என்பார்கள். கோபால்ட்-60 என்றால் அது ஓரளவு உண்மை. அதன் அரை ஆயுள், அதாவது வீரியம் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஐந்தேகால் ஆண்டு. முப்பது ஆண்டில் ஐம்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். சீசியம்-137க்கு அரை ஆயுளே முப்பது ஆண்டு. உங்கள் வில்லை 1996இல் வாங்கியதாக இருந்தாலும் பாதி அப்படியே இருக்கிறது. ஆகவே அந்தச் சமாதானம் உங்களுக்குப் பொருந்தாது. பதிவேட்டில் தனிமத்தின் பெயரையும் வாங்கிய தேதியையும் பார்க்காமல் எவர் சொன்னாலும் தலையாட்டாதீர்கள்.

வில்லை கிடைத்தால் இடுக்கியால் எடுத்து ஈயப் பெட்டியில் பூட்டுங்கள். அப்போதும் முதல் கடிதத்தைத் திரும்ப வாங்க வேண்டாம். கிடைத்த இடத்தையும் நேரத்தையும் குறித்து இரண்டாவது கடிதம் கொடுங்கள்.