டொங்கிள் ஓட கேர்னலையே மாத்த வேணுமோ?

கேள்வி: அண்ணை, பழைய லப்டொப், 4 ஜிபி ராம், உபுண்டு 22.04, கேர்னல் (சிஸ்டத்தின்ர அடி மென்பொருள்) 5.15. புதுசா வாங்கின வைஃபை டொங்கிள் இதில பிடிக்குதில்லை, புதுக் கேர்னல்ல ஓடும் எண்டு சொன்னாங்கள். போன் டேட்டாவில 6.12 கேர்னல் சோர்ஸை (மூல நிரலை) இறக்கி ஐஞ்சு மணித்தியாலம் கொம்பைல் விட்டன், இடையில ரெண்டு தரம் கரன்ட் போனது, கடைசில டிஸ்க் நிரம்பிட்டுது எண்டு நிண்டிட்டுது. 18 ஜிபி இடம் இருந்ததே. திரும்ப முதல்ல இருந்தோ?
- ஒரு வாசகர், மல்லாவி

பதில்: ஓம் தம்பி, முதல்ல இருந்துதான், ஆனா சோர்ஸைத் திரும்ப இறக்கத் தேவையில்லை. நீங்கள் உபுண்டுவின்ர கொன்ஃபிக்கை (கேர்னல்ல எதெது சேரவேணும் எண்ட பட்டியலை) அப்பிடியே எடுத்துப் போட்டிருக்கிறியள் போல, அதில உலகத்தில இருக்கிற எல்லாச் சாமானுக்கும் டிரைவர் இருக்கு, பிழை தேட உதவுற டீபக் தகவலும் ஓனில இருக்கு, அது 20 ஜிபிக்கு மேல தின்னும். வற்றாப்பளைப் பொங்கல் கிடாரத்தில ரெண்டு பேருக்குச் சோறு வைச்ச கதைதான்.

அதுக்கு முதல் ஒண்டு, 22.04 க்கு எச்டபிள்யூஈ (HWE) எண்டு, புதுச் சாமானுகளுக்காக, 6.8 கேர்னல் ரெடிமேட்டா வருது, அதைப் போட்டுப் பாத்தியளோ? அநேகமா அலுவல் அதோட முடிஞ்சிடும்.

இல்லை, கொம்பைல்தான் வேணும் எண்டா முதல்ல மவுஸ், பென்டிரைவ், போன் எல்லாத்தையும் செருகி, போன்ல யூஎஸ்பி டெதரிங்கையும் ஓன் பண்ணிப்போட்டு 'மேக் லோக்கல்மொட்கொன்ஃபிக்' (make localmodconfig) குடுங்கோ. அந்த நேரம் ஓடிக்கொண்டிருக்கிற மொடியூலை (டிரைவர் மாதிரித் துண்டுகளை) மட்டும் வைச்சுக்கொண்டு மற்றதெல்லாத்தையும் வெட்டிப்போடும். இதிலதான் கனபேர் மாட்டுப்படுறது, உங்கட டொங்கிள் பழைய கேர்னல்ல ஓடவே இல்லையே, அப்ப அதின்ர டிரைவரையும் சேத்து வெட்டிப்போடும்! ஐஞ்சு மணித்தியாலம் இருந்து கொம்பைல் பண்ணி, எதுக்காகப் பண்ணினமோ அது மட்டும் இல்லாத கேர்னல் கையில வரும், எனக்கும் ஒருக்கா வந்தது. அதால 'எல்எஸ்யூஎஸ்பி' (lsusb) அடிச்சு சிப் என்ன எண்டு பாத்து வைச்சுக்கொண்டு, 'மேக் மெனுகொன்ஃபிக்'குக்குள்ள (make menuconfig) போய் சாய்கோட்டை (/) அமத்தித் தேடி அந்த டிரைவருக்கு எம் (M, மொடியூலாச் சேர் எண்டு) போடுங்கோ. டீபக் தகவலையும் அங்கயே நிப்பாட்டலாம். பிறகு 'மேக் கிளீன்' (make clean), அதுக்குப் பிறகு ஜே ரெண்டோட மேக் (make -j2, ஒரே நேரத்தில ரெண்டு வேலை), 4 ஜிபி ராமுக்கு அதுக்கு மேல வேண்டாம். கரன்ட் போனாப் பயப்பிடாதேங்கோ, மேக் விட்ட இடத்தில இருந்து பிடிக்கும், ஏதும் பைல் வெறுமையா நிண்டு எரர் காட்டினா அந்த ஒண்டை மட்டும் அழிச்சுப்போட்டுத் திரும்ப ஓட விடுங்கோ.

புதுக் கேர்னல் வந்தாப்பிறகும் டொங்கிள் சும்மா இருந்தா 'டிமெசேஜ்' (dmesg) அடிச்சுப் பாருங்கோ, ஃபேர்ம்வெயர் (டொங்கிளுக்குள்ள ஓடுற மென்பொருள்) பைல் இல்லை எண்டு கத்தும்.

கேள்வி: கொம்பைல் பண்ணி முடிச்சு ரீபூட் பண்ண 'பேட் ஷிம் சிக்னேச்சர்' எண்டு வருது, லப்டொப் போச்சோ?
- ஒரு வாசகி, வவுனியா

பதில்: ஒண்டும் போகேல்லை தங்கச்சி. செக்யூர் பூட் ஓனில இருக்கு, நீங்கள் கட்டின கேர்னல்ல அது நம்புற கையெழுத்து இல்லை. பயோஸில அதை நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி சொந்தமா கீ செய்து சைன் பண்ணுங்கோ. அதே மெஷின்ல விண்டோஸும், டிஸ்க்கைப் பூட்டுற பிட்லொக்கரும் இருந்தா ரிக்கவரி கீயை எழுதி வைச்சுப்போட்டு நிப்பாட்டுங்கோ. அதுவரைக்கும் மெஷின் தொடங்கேக்க வாற கிரப் மெனுவில அட்வான்ஸ்ட் ஒப்ஷனுக்குள்ள பழைய கேர்னல் நிக்குது, அதில வேலையைப் பாருங்கோ, அதை மட்டும் அவசரப்பட்டு அழிச்சிடாதேங்கோ.