தனியாகச் சூல்வென் ஏறலாமா?

கேள்வி: கிளாஸ்கோவில் முதுகலை படிக்கிறேன். ஜூன் மாதம் வடமேற்கு ஸ்காட்லாந்தின் சூல்வென் மலைக்குத் தனியாக ஒரே நாளில் போய்வர ஆசை. 731 மீட்டர்தானே, கொடைக்கானலே இதைவிடப் பல மடங்கு உயரம் என்கிறார்கள் நண்பர்கள். மதுரையில் இருக்கும் அம்மா வேண்டவே வேண்டாம் என்கிறார். போகலாமா?
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் கொடைக்கானல் கணக்கு இங்கே செல்லாது. கொடைக்கானலுக்குப் பஸ் போகிறது. சூல்வென்னுக்கு லாக்கின்வர் என்ற மீன்பிடி ஊரிலிருந்து, ஏறக்குறைய கடல்மட்டத்திலிருந்தே நடக்க வேண்டும். போகவரச் சுமார் 20 கிலோமீட்டர். நல்ல நடைக்காரர்களுக்கே எட்டு மணி நேரம் பிடிக்கும்.

முதல் பாதி சுலபம். கிளென்கானிஸ்ப் மாளிகையைத் தாண்டி, சதுப்பும் ஏரிகளுமாக வெட்டவெளியில் பாதை போகும். அப்புறம்தான் மலை தன் குணத்தைக் காட்டும். பியலாக் மோர் கணவாய்க்கு ஏறும் இடுக்கு செங்குத்தானது. காலடியில் கல்லும் மண்ணும் சரியும். ஏறி முடித்தால், சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய ஒரு பழைய சுவர் முகட்டின் குறுக்கே ஓடுவதைப் பார்ப்பீர்கள். அவ்வளவு உயரத்தில் அந்தக் கற்களை அடுக்கியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்புதான்.

அந்தச் சுவரடியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேலே போவதா, திரும்புவதா என்று அங்கே முடிவெடுங்கள். உச்சி மேகத்தில் மறைந்திருந்தாலோ, எழுந்து நிற்கும்போது காற்று ஆளைத் தள்ளினாலோ திரும்பிவிடுங்கள். மேற்கே உச்சிவரை முகடு சில இடங்களில் குறுகலானது. கையும் ஊன்ற வேண்டிவரும். கூட ஆள் இருந்தால் "போதும், வா" என்று இழுப்பார். தனியாகப் போகிறவர் அந்த வார்த்தையை முந்தின இரவே தனக்குச் சொல்லி வைத்திருக்க வேண்டும். ஜூனில் இரவு பத்து மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும் என்பதால் நேரம் நிறைய இருப்பதாகத் தோன்றும். ஆனால் களைத்த காலோடு அதே இடுக்கில் இறங்கவும் வேண்டுமே.

காகித வரைபடம், திசைகாட்டி, மழைக்கோட்டு, விசில் நான்கும் கட்டாயம். ஆபத்தென்றால் விசிலை ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் விட்டு மறுபடி ஊத வேண்டும். சிக்னல் இருந்தால் 999-ஐ அழைத்து, முதலில் போலீஸையும் பிறகு மலை மீட்புக் குழுவையும் கேளுங்கள். வருபவர்கள் தன்னார்வலர்கள், கட்டணம் கிடையாது. பேச முடியாத அளவுக்குச் சிக்னல் மங்கலாக இருந்தால் அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம், ஆனால் போனை முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். கிளாஸ்கோவிலேயே செய்துவிடுங்கள்.

தங்கும் விடுதியில் போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். அம்மாவிடமும் எத்தனை மணிக்குக் கூப்பிடுவீர்கள் என்று சொல்லுங்கள். லாக்கின்வரில் மாலை 7 என்றால் மதுரையில் இரவு 11.30. தூங்கியிருப்பார் என்று நினைத்துக் கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள்.